தீவுக்கு வாசல் எங்கே?



எழும்பூருக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே இரவில் ஓடும் ரயில் ஒன்று தாம்பரம் வழியாகப் போகிறது. ‘போட் மெயில்’ என்பது அதன் பழைய பெயர். வீட்டுப் பெரியவர்கள் சிலர் இன்றும் அப்படியே சொல்வார்கள். ரயிலுக்கு எப்படிப் படகின் பெயர் வந்தது? 1914-ஆம் ஆண்டு முதல் இந்த வழியில் தனுஷ்கோடி வரை ரயிலில் சென்று, அங்கே நீராவிக் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, மறுபடியும் ரயில் பிடித்துக் கொழும்பு போய்ச் சேரலாம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழியும் வரை அந்த வழி இருந்தது.

ஆனால் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போன நம் ஊர்த் தொழிலாளிகள் நேரே கப்பலேறிவிட முடியாது. கடலுக்கு இப்பாலேயே, மண்டபத்தில் அவர்களை இறக்கிவிடுவார்கள். அங்கே ஒரு பெரிய முகாம் இருந்தது. இந்திய மண்ணில் இருந்தாலும் அதை நடத்தியது இலங்கை அரசு. தொழிலாளிகளைச் சில நாள்கள் அங்கே தங்கவைத்து, துணிமணிகளைக் கிருமி நீக்கி, அம்மை குத்தி, நோய் எதுவும் தலைகாட்டவில்லை என்று தெரிந்த பிறகே கப்பலுக்கு அனுப்புவார்கள்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. தீவின் வாசல் தீவின் கரையில் இல்லை. கடலுக்கு எதிர்க் கரையில் இருக்கிறது! நோய் கப்பலில் ஏறிவிட்டால் பிறகு கரையில் நின்று தடுப்பது கடினம் என்பதை அந்தக் காலத்து மருத்துவ அதிகாரிகள் அறிந்திருந்தார்கள்.

நூறு ஆண்டுகளுக்குப் பிறகு இதே நுட்பத்தை இன்னொரு தீவுக் கூட்டம் கையாண்டது. ஏறக்குறைய ஓராண்டு வெற்றியும் கண்டது. பிறகு அதைக் கைவிட்டது. அந்தக் கதையை உங்களுக்குச் சொல்லி, அதைப் பற்றி என் கருத்தையும் சொல்ல விரும்புகிறேன். நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதில்லை. ஆனால் கணக்கைச் சரிபார்த்துவிட்டு மறுத்துப் பேசுங்கள்.

லட்சத்தீவின் ஓராண்டு

கேரளக் கரைக்கு மேற்கே, அரபிக் கடலில், கொச்சியிலிருந்து 220 முதல் 440 கிலோமீட்டர் தொலைவுக்குள் லட்சத்தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. மொத்தம் 36 தீவுகள். மக்கள் வாழ்பவை 10. எல்லாவற்றின் நிலப்பரப்பையும் கூட்டினால் 32 சதுர கிலோமீட்டர்தான். 2011-ஆம் ஆண்டின் கணக்கெடுப்புப்படி மக்கள்தொகை 64,473. நம் குரோம்பேட்டையும் பல்லாவரமும் சேர்ந்தால் அதைவிடப் பன்மடங்கு மக்கள் இருப்பார்கள். கவரத்தியிலும் அகத்தியிலும் மருத்துவமனைகள் உண்டு என்றாலும், நோய் கடுமையானால் ஹெலிகாப்டரில் கொச்சிக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி 2020 ஜனவரி 30 அன்று கேரளத்தில் கண்டறியப்பட்டார். லட்சத்தீவு விழித்துக்கொண்டது. சுற்றுலாப் பயணிகள் நிறுத்தப்பட்டார்கள். தீவுக்குத் திரும்ப வேண்டியவர்கள் கொச்சியிலேயே ஏழு நாள் தனித்துத் தங்க வேண்டும். அதன் முடிவில் சோதனை. நோய் இல்லை என்று வந்தால்தான் கப்பல். தீவில் இறங்கிய பின்னும் மறுபடி சில நாள் தனிமை. இதுதான் விதி.

பலன் என்ன? 2020-ஆம் ஆண்டு முழுவதும் அந்தத் தீவுகளில் ஒரு நோயாளிகூட இல்லை. கல்யாணங்கள் நடந்தன. தொழுகைகள் நடந்தன. செப்டம்பரிலேயே பள்ளிக்கூடங்கள் திறந்தன. அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். இன்று உயர்நிலைப் பள்ளியில் இருக்கும் உங்களில் பலர் அன்று தொடக்கப் பள்ளியில் இருந்திருப்பீர்கள். தமிழ்நாட்டில் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. கூட்டல் கழித்தலையும் எழுத்துக் கூட்டலையும் கைப்பேசியின் சின்னத் திரையில் கற்றவர்கள் நீங்கள்; அந்தக் கைப்பேசியும் இல்லாமல் போனவர்கள் உங்களிலேயே இருக்கலாம். லட்சத்தீவின் வாசல் காத்தது உயிர்களை மட்டும் அன்று என்பது இதிலிருந்து விளங்கும்.

2020 டிசம்பர் இறுதியில் விதி மாறியது. கொச்சியில் கட்டாயமாகத் தனித்திருப்பது நீக்கப்பட்டது. புறப்படுவதற்கு முந்திய 48 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்.டி.பி.சி.ஆர். சோதனையில் நோய் இல்லை என்ற சான்று இருந்தால் போதும் என்றானது. 2021 ஜனவரி 18 அன்று முதல் நோயாளி கண்டறியப்பட்டார். அந்த மாதத் தொடக்கத்தில் கொச்சியிலிருந்து கப்பலில் வந்தவர் அவர். மே மாத இறுதிக்குள் நோயுற்றோர் எண்ணிக்கை ஆறாயிரத்தைத் தாண்டிவிட்டது. கொள்ளைநோய் அடங்கிய பிறகு கணக்குப் பார்த்தபோது மொத்தம் 11,400-க்கும் மேற்பட்டோர் நோயுற்றிருந்தார்கள். 52 பேர் இறந்திருந்தார்கள்.

சோதனை ஒரு புகைப்படம்

“சோதனைதான் செய்தார்களே! நோய் இல்லாதவரைத்தானே கப்பலில் ஏற்றினார்கள்?” என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. இங்கேதான் விஞ்ஞானம் நமக்கு உதவுகிறது.

எந்த அளவுகருவிக்கும் ஒரு கீழ் எல்லை உண்டு. காய்கறிக் கடைத் தராசில் ஒரு கடுகை வைத்தால் முள் அசையாது. அதனால் கடுகுக்கு எடையே இல்லை என்று நாம் சொல்வதில்லை. நோய்ச் சோதனையும் அப்படித்தான். வைரஸ் உடலில் புகுந்தவுடன் மூக்கிலும் தொண்டையிலும் நிரம்பிவிடுவதில்லை. அது பெருகுவதற்குச் சில நாள் ஆகும். அதுவரை பஞ்சுக் குச்சியில் சிக்காது.

எவ்வளவு நாள் ஆகும்? 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைக் கணக்கிட்டது. தொற்றிய முதல் நாளில் சோதித்தால் நோய் தெரியவே தெரியாது. நான்காம் நாளில் சோதித்தால் நோயுள்ள நூறு பேரில் ஏறக்குறைய 67 பேர் ‘நோய் இல்லை’ என்ற சான்றோடு வெளியே வருவார்கள். ஐந்தாம் நாளில் 38 பேர். எட்டாம் நாளில்தான் தவறு மிகக் குறைவு. அப்போதும் 20 பேர் தப்பிவிடுவார்கள்.

இப்போது பழைய விதியை மறுபடி படித்துப் பாருங்கள். ஒருவர் தனியறைக்குள் நுழையும் நாளன்றுதான் அவரைக் கிருமி தொற்றியது என்று வைத்துக்கொள்வோம். ஏழு நாள் முடியும்போது அவர் எட்டாம் நாளில் இருப்பார். சோதனை தன் வேலையை மிக நன்றாகச் செய்யக் கூடிய நாள் அது! ஏழு என்ற எண்ணுக்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. அதிலும் தப்பிய சிலரைப் பிடிக்கத்தான் தீவில் இரண்டாம் முறைத் தனிமை. ஒரு சல்லடையில் தப்பியது அடுத்த சல்லடையில் சிக்கும் அல்லவா?

புதிய விதியில் ஒரே சல்லடைதான் மிஞ்சியது. அதுவும் பயணியை எந்த நாளில் சலிக்கிறது என்று தெரியாத சல்லடை. போதாததற்கு, சோதனைக்கும் கப்பலுக்கும் இடையே 48 மணி நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் அவர் கடைத்தெருவுக்குப் போகலாம். உறவினர் வீட்டில் சாப்பிடலாம். அங்கே கிருமி தொற்றிக்கொள்ளவும் செய்யலாம். கையிலுள்ள சான்று மட்டும் மாறாது.

சோதனை என்பது ஒரு நொடியைக் காட்டும் புகைப்படம். தனிமை என்பது ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம். கடிகாரம் செய்ய வேண்டிய வேலையைப் புகைப்படத்திடம் ஒப்படைத்ததுதான் லட்சத்தீவில் நடந்த பிழை என்பது என் கருத்து.

பதினாறு படிகள்

ஒரு நோயாளி தப்பினால் என்ன குடி முழுகிவிடும் என்று நினைக்கலாம். பள்ளியில் அடுக்குகள் படித்திருப்பீர்கள். ஒருவர் இருவருக்கு நோயைக் கொடுக்கிறார், அந்த இருவர் நால்வருக்குக் கொடுக்கிறார்கள், ஒவ்வொரு படிக்கும் ஐந்து நாள் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்தாம் படியில் 1,024 பேர். பதினாறாம் படியில் 65,536 பேர். லட்சத்தீவின் மக்கள்தொகையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். பதினாறு படி என்பது எண்பதே நாள்!

உண்மையில் இப்படி முழுவதும் நடப்பதில்லை. நோயுற்றுத் தேறியவர்கள் கூடக்கூட வைரஸுக்குப் புதிய ஆள் கிடைப்பது அரிதாகும். மக்களும் வீட்டுக்குள் அடங்குவார்கள். வளைகோடு வளைந்து தாழும். ஆனால் தொடக்கத்தில் அது இரட்டித்து இரட்டித்துத்தான் ஏறும். ஒரு வாரம் தாமதித்து விழித்துக்கொண்டால் அதற்குள் ஒரு படியைக் கடந்து அடுத்த படியிலும் கால் வைத்திருக்கும். ஆகவேதான் வாசலில் தப்பும் அந்த ஒருவர் அவ்வளவு முக்கியமானவர்.

தீவுகள் கற்பித்த பாடம்

இதெல்லாம் கொரோனாவோடு புதிதாகத் தெரிந்த செய்தி அல்ல. வட அட்லாண்டிக் கடலில் ஃபாரோ தீவுகள் இருக்கின்றன. 1846-இல் அங்கே தட்டம்மை வந்தது. அப்போதிருந்த மக்கள் 7,782 பேர். நோயுற்றவர்கள் சுமார் 6,000 பேர். டென்மார்க் அரசு அனுப்பிய பானும் என்ற இளம் மருத்துவர் ஊர் ஊராகப் படகில் சென்று, யார் எந்த நாளில் யாரைச் சந்தித்தார், எந்த நாளில் உடலில் தடிப்பு கண்டது என்று குறித்துக்கொண்டார். நோய் தொற்றுவதற்கும் தடிப்பு தோன்றுவதற்கும் இடையே 13, 14 நாள் ஆகிறது என்ற உண்மை அவருடைய குறிப்பேட்டிலிருந்து கிடைத்தது. இன்னொன்றையும் அவர் கண்டார். 65 ஆண்டுகளுக்கு முன், 1781-இல், அங்கே தட்டம்மை வந்திருந்தது. அப்போது நோயுற்றுப் பிழைத்த முதியவர்களுள் ஒருவருக்கும் இரண்டாம் முறை அது வரவில்லை! அவர்களுடைய உடல் அந்த நோயை நினைவில் வைத்திருந்தது. நோயின் துன்பம் இல்லாமலே உடலுக்கு அந்த நினைவை ஊட்டுவதுதான் தடுப்பூசி.

1918-ஆம் ஆண்டின் விஷக் காய்ச்சல் இன்னும் கடுமையான பாடம். பசிபிக் கடலில் சமோவா தீவுகள் அப்போது இரண்டு ஆட்சிகளின் கீழ் இருந்தன. மேற்குச் சமோவாவை நியூசிலாந்து ஆண்டது. 1918 நவம்பர் 7 அன்று ‘தலூனே’ என்ற கப்பல் ஆக்லாந்திலிருந்து அங்கே வந்தது. நோயாளிகள் தடையின்றி இறங்கினார்கள். சில வாரங்களில் மக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மாண்டார். அருகிலேயே இருந்த அமெரிக்கச் சமோவாவில் ஆளுநர் போயர் கப்பல்களைக் கண்டிப்பாகத் தனிமைப்படுத்தினார். அங்கே அந்த நோயால் ஒருவரும் சாகவில்லை. ஒரே கடல், ஒரே இனம், ஒரே நோய். வாசல்தான் வேறு.

எதிர்க்கட்சியின் வாதம்

என் கருத்துக்கு எதிரான வாதங்களையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும்.

“எத்தனை நாள்தான் மூடிவைப்பது? வேலை வேண்டாமா? வைத்தியத்துக்குக் கொச்சி போய்வருகிறவர்கள் ஒவ்வொரு முறையும் இத்தனை நாளை இழப்பதா?” என்பது முதல் வாதம். உண்மைதான்; மூடிய வாசலுக்கு விலை உண்டு. 2020-இல் எல்லையை மூடிய நியூசிலாந்து 2021 முடிவு வரை சுமார் 50 மரணங்களோடு தப்பியது. மக்கள்தொகையோ 50 லட்சம். ஆனால் வெளிநாட்டில் சிக்கிய அதன் குடிமக்கள், தனிமை அறைக்குக் குலுக்கல் முறையில் காத்திருந்து தவித்தார்கள். அது குடிமக்களின் உரிமையைப் பாதித்தது என்று அந்த நாட்டு உயர் நீதிமன்றமே 2022-இல் கூறியது.

“இன்றில்லாவிட்டால் நாளை வந்தே தீரும் நோய்தானே?” என்பது இரண்டாம் வாதம். இதற்குத்தான் நான் முக்கியமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். இந்தியாவில் கொரோனா தடுப்பூசி போடத் தொடங்கிய நாள் எது தெரியுமா? 2021 ஜனவரி 16. லட்சத்தீவின் முதல் நோயாளி கண்டறியப்பட்டது ஜனவரி 18. இடையே இரண்டே நாள்! ஓராண்டு காத்த வாசலை, மருந்து புறப்படும் நேரத்தில் திறந்துவிட்டார்கள்.

நோயை ஒத்திப்போடுவது வீண் வேலை அல்ல. எதற்காக ஒத்திப்போடுகிறோம் என்பதே கேள்வி. அந்த மக்கள் எல்லோருக்கும் இரண்டு தவணை போடுவதென்றாலும் 1,30,000 தவணை மருந்து போதும். 2021 செப்டம்பர் 12 அன்று தமிழ்நாட்டில் நடந்த முதல் மாபெரும் முகாமில் ஒரே நாளில் 28 லட்சத்துக்கு மேல் போட்டார்கள். ஆண்டுத் தொடக்கத்தில் மருந்து இந்த அளவுக்குத் தாராளமாகக் கிடைக்கவில்லை என்பது மெய்தான். ஆனாலும் இவ்வளவு சிறிய தேவைக்கு முன்னுரிமை தந்திருக்கலாம். 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைத்துக் கொண்டுபோகக் கூடிய மருந்து அது; பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக் கடல் கடத்திவிடலாம். தடுப்பூசி தொற்றை முழுவதும் தடுக்கவில்லை; ஆனால் மரணத்தை வெகுவாகக் குறைத்தது. அந்த 52 பேரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய சில மாத அவகாசம் கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்வேன். முதலில் தடுப்பூசி, பிறகு படிப்படியாகத் திறப்பு என்ற வரிசைதான் சரி. நியூசிலாந்தும், தடுப்பூசிக்கு உரியவர்களில் 90 விழுக்காட்டினருக்குப் போட்டு முடித்த பிறகே வாசலைத் திறந்தது.

நம் தெருவின் தகரம்

“நாம் தீவில் இல்லையே, நமக்கு என்ன?” என்று இருந்துவிட வேண்டாம். தாம்பரத்திலிருந்து இரண்டு நிலையம் தள்ளாமல், அடுத்த நிலையத்தின் பெயரையே கவனியுங்கள்: சானடோரியம். 1928-இல் சவரிமுத்து என்ற மருத்துவர் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனையால் வந்த பெயர் அது. நோயாளியை ஒதுக்கிவைத்து வைத்தியம் செய்வது ஒன்று. நோய் இருக்குமோ என்று ஐயப்படும் ஆரோக்கியமானவரைச் சில நாள் காக்கவைப்பது வேறொன்று. இரண்டையும் மக்கள் ஒன்றாகவே எண்ணிவிடுகிறார்கள். காத்திருப்பவரைக் குற்றவாளிபோலப் பார்க்கிறார்கள்.

2020 ஜூன் 19 முதல் 30 வரை சென்னையும் செங்கல்பட்டு மாவட்டப் பகுதிகளும் முழுமையாக அடைக்கப்பட்டன. பரனூர் சுங்கச்சாவடியில் இ-பாஸ் கேட்டார்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டு வாசலில் தகரம் அடித்தார்கள். உள்ளே இருந்தவர் தினக்கூலிக்குப் போகும் கொத்தனார். நோயைவிட அந்தத் தகரமே அவரை அதிகம் வாட்டியது என்று நான் நினைக்கிறேன். வேலையும் போயிற்று; பக்கத்து வீட்டுக்காரர்கள் பேச்சையும் நிறுத்திவிட்டார்கள். இரண்டு தெரு தள்ளி இன்னொருவர், தகரத்துக்குப் பயந்து, காய்ச்சலை மறைத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

தனிமை விதி எங்கே தோற்கிறது என்பதை அந்த இருவரிடம் கற்றேன். பதினான்கு நாள் வீட்டிலிரு என்று சொல்வது எளிது. அந்தப் பதினான்கு நாள் அடுப்பெரிய யார் பொறுப்பு? ஊரைக் காப்பதற்காக ஒருவர் காத்திருக்கிறார் என்றால், அவருடைய அரிசிக்கும் கூலிக்கும் ஊர்தான் பொறுப்பு. அதைச் செய்யாத விதியை மக்கள் ஏய்க்கப் பார்ப்பார்கள்; ஏய்க்கப்படும் விதி ஓட்டைச் சல்லடை.

ஆகவே, ஒரு நல்ல விதிக்கு மூன்று அடையாளம் சொல்வேன். அதற்குப் பின்னால் உள்ள கணக்கு மக்களுக்குத் தெரிய வேண்டும். காத்திருப்பவரின் செலவை எல்லோரும் பகிர வேண்டும். எது நடந்தால் விதி தளரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ‘எல்லோருக்கும் இரண்டு தவணை முடிந்ததும் வாசல் திறக்கும்’ என்று அறிவித்தால் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். ஊசி போட்டுக்கொள்ள வரிசையிலும் நிற்பார்கள்.

இன்னொரு நோய் என்றாவது வரத்தான் போகிறது. அப்போது உங்களில் ஒருவர் மருத்துவராக இருக்கலாம். ஒருவர் மாவட்ட ஆட்சியராகவோ கப்பல் அதிகாரியாகவோ இருக்கலாம். எல்லோரும் வாக்காளர்களாக இருப்பீர்கள். ஒரு விதி மாறுகிறது என்று செய்தி வரும்போது, “ஏழு நாளை எடுத்துவிட்டு அதன் இடத்தில் எதை வைத்தீர்கள்? கணக்கைக் காட்டுங்கள்” என்று கேளுங்கள். அதற்கு ஆர்.டி.பி.சி.ஆர். யந்திரம் வேண்டாம். பத்தாம் வகுப்புக் கணிதமும் சற்றுத் துணிவும் போதும்.